நெருப்புக்கும் தண்ணீருக்கும் நடுவில்

பார்லரின் பின்னறையில் மெழுகு சூடாக்கும் அடுப்பை அணைத்துவிட்டு அண்ணி சீட்டுக்கட்டை எடுத்தாள். முன்னறையில் புருவம் திருத்துவது தொழில், பின்னறையில் டாரட் சீட்டு வைத்துக் குறி சொல்வது ஆசை. இரண்டுக்கும் வருகிறவர்கள் ஒரே ஆட்கள்தான். புருவம் சரியானதும், கையோடு தலையெழுத்தையும் சரிபார்த்துக்கொண்டு போவார்கள்.

இன்று எதிரே உட்கார்ந்திருந்தவள் அவளுடைய நாத்தனார், கப்பல் பட்டறையில் வெல்டர். வீட்டில் எல்லோருக்கும் அவள் 'வெடி'. அவள் சிரித்தால் பக்கத்து வீட்டுக் குழந்தை தூக்கத்திலிருந்து எழுந்துவிடும். அத்தனை ஆண்களுக்கு நடுவே, கொதிக்கிற இரும்பின் முன் அசராமல் குனிந்து நிற்கிற அந்தப் பெண்ணை நினைத்தாலே அண்ணிக்குக் கொஞ்சம் பொறாமை, மிச்சமெல்லாம் பெருமை. இவள் என் கூடப் பிறந்திருக்கக் கூடாதா என்று எத்தனையோ தடவை ஏங்கியிருக்கிறாள்.

வெடிக்கு ஒரே வெறி. தண்ணீருக்கு அடியில் போய் வெல்டிங் செய்ய வேண்டும். கப்பலின் அடிவயிற்றில் விரிசல் விட்டால், முங்கிப் போய் ஒட்டிவிட்டு வருகிறார்களே, அவர்களில் ஒருத்தியாக வேண்டும். அதற்கான தேர்வில் ஒருமுறை மண்ணைக் கவ்வியாகிவிட்டது. நாளை மறுதேர்வு. இதிலும் கோட்டை விட்டால் கம்பெனி மறுபடி அனுப்பாது, ஆயுசுக்கும் கரைதான். "கரையிலயே கைநிறைய வேலை இருக்கு, எதுக்கு இவளுக்கு இந்த வேண்டாத வேலை?" என்று அவளுடைய அண்ணன், அதாவது அண்ணியின் கணவர், காலையிலிருந்து புலம்பித் தள்ளிக்கொண்டிருந்தார்.

"போன தடவை என்னதான் ஆச்சு?" என்று கேட்டாள் அண்ணி.

"அதான் புரியல அண்ணி. பாதி வெல்டிங்ல கரண்டை நிறுத்திட்டு மேல இழுத்துட்டாங்க. ஹெல்மெட் மைக்ல என் மூச்சே கேக்கலயாம். நான் நல்லாத்தான் இருந்தேன். அவங்க லைன்லதான் கோளாறு."

"சரி, அதையே மனசுல நெனச்சு மூணு சீட்டு எடு."

எடுத்த மூன்றையும் அண்ணி கவிழ்த்தே வரிசையாக வைத்தாள். அவளுக்கென்று ஒரு முறை உண்டு. படத்தைப் பார்ப்பதற்கு முன்னால் பஞ்சபூதத்தில் எது என்று பார்ப்பாள். கோல் வந்தால் நெருப்பு, கிண்ணம் வந்தால் தண்ணீர், வாள் என்றால் காற்று, காசு என்றால் மண். ஓரத்துச் சீட்டுகள் இரண்டும் ஒத்துப்போனால் காரியம் கைகூடும், முறைத்துக்கொண்டால் இழுபறிதான். நடுச்சீட்டுக்குக் கடைசியில்தான் முறை வரும்.

இடது ஓரம் கோல். வலது ஓரம் கிண்ணம்.

அண்ணியின் முகம் தொங்கிப்போனது. இதைவிடப் பொருந்தாத ஜோடி அந்தச் சீட்டுக்கட்டிலேயே கிடையாது. வேறு யாராவது என்றால் பூசி மெழுகி அனுப்பிவிடலாம். இவளிடம் பொய் சொல்ல நாக்கு எழவில்லை.

"நெருப்பும் தண்ணியும் வந்திருக்கு. ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு எதிரி. கொஞ்சம் கஷ்டம்னுதான் சொல்லுது வெடி."

வெடி சிரித்த சிரிப்பில் மெழுகுக் கிண்ணத்தின் மூடி அதிர்ந்தது. "அண்ணி, நான் செய்யப்போற வேலையே அதானே! வேற எது வந்திருந்தாலும்தான் பயந்திருப்பேன்."

"தண்ணிக்குள்ள நெருப்பு அணைஞ்சிடாதா?"

"ராடு நுனியில பத்திக்கிட்ட உடனே அதைச் சுத்தி ஒரு குமிழி உண்டாகும். அது தண்ணியைத் தள்ளி நிறுத்திடும். அதுக்குள்ளதான் இரும்பு உருகும். குமிழி போச்சுன்னா எல்லாம் போச்சு."

அண்ணிக்கு உடம்பு சிலிர்த்தது. தான் அட்டையில் பார்த்துப் பயந்ததை இவள் கையிலேயே பிடிக்கிறாள். என்ன பெண் இவள்!

"நடுச்சீட்டை நீயே திற."

வெடி குனிந்தாள். இரண்டு விரலால் சீட்டின் விளிம்பைப் பிடித்து, கை துளியும் நடுங்காமல், மெதுவாகத் திருப்பினாள். எட்டு வாள். வாள்களுக்கு நடுவே, கண்ணைக் கட்டி நிறுத்தப்பட்ட ஒரு பெண்.

"அட, இது நான்தான்! கலங்கல் தண்ணில கண்ணு எதுக்கும் ஆகாது, தடவித் தடவித்தான் வேலை."

அண்ணி படத்தைப் பார்க்கவில்லை, வெடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். சீட்டைத் திருப்பி முடிக்கும்வரை அவள் நெஞ்சு ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. புருவத்தில் நூல் பட்டதும் முன்னறைப் பெண்கள் செய்வதும் இதைத்தானே!

"லைன்ல கோளாறு இல்ல. கோளாறு உங்கிட்டதான். நீ மூச்சைப் புடிச்சுக்கற."

"நானா? எப்போ?"

"இப்பத்தான், சீட்டைத் திருப்பும்போது. உனக்கே தெரியல."

வெடி சீட்டைக் கவிழ்த்து மறுபடி திருப்பிப் பார்த்தாள். அண்ணி சொன்னது சரிதான். கை ஆடாமலிருக்க மூச்சைக் கட்டுவது பட்டறையில் சேர்ந்த புதிதில் ஒட்டிக்கொண்ட பழக்கம். கரையில் அது கெட்டிக்காரத்தனம், குழாயில் வருகிற காற்றை விடாமல் இழுத்து விடவேண்டிய தண்ணீருக்குள் உயிருக்கே உலை. மேலே கேட்டுக்கொண்டிருந்தவர்கள் பதறியதில் தப்பே இல்லை.

"வாள்னா காத்து," என்றாள் அண்ணி. "அது நெருப்புக்கும் சிநேகம், தண்ணிக்கும் சிநேகம். ரெண்டு எதிரிக்கும் நடுவுல வந்து உக்காந்திருக்கு பாரு. மூச்சு விடு, அவ்வளவுதான் சீட்டு சொல்லுது."

"கை ஆடுமே அண்ணி."

"ஆடாம விடப் பழகு. இப்பவே."

முன்னறைக் கண்ணாடியில், புருவப் பென்சிலால் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை கோடு இழுக்கச் சொன்னாள், மூச்சுச் சத்தம் காதில் விழும்படி. முதல் கோடுகள் கோணல்மாணலாக ஓடின. வெடி பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள், அழித்தாள், மறுபடி இழுத்தாள். சாயங்காலம் வந்த வாடிக்கையாளர் ஒருத்தி அந்தக் கண்ணாடியைப் பார்த்துவிட்டு வந்த வழியே திரும்பிவிட்டாள். போனால் போகட்டும் என்று அண்ணி புதுப் பென்சிலைச் சீவிக் கொடுத்தாள். கடைசிக் கோடுகள் நூல் பிடித்ததுபோல் இருந்தன.

மறுநாள் பயிற்சித் தொட்டியின் மேலே இருந்த கண்காணிப்பு அறையில் அண்ணியும் கணவரும் உட்கார்ந்திருந்தார்கள். அவர் முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு வந்திருந்தார். கீழே கலங்கல் தண்ணீரில் மங்கலாக ஒரு வெளிச்சம் தெரிந்தது. ஸ்பீக்கரில் சடசடவென்று வெல்டிங் பொரிகிற சத்தம் வந்தது. கூடவே வேறு எதுவும் வரவில்லை. கணவர் பெஞ்சின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டார். சூப்பர்வைசரின் கை கரண்டை நிறுத்தும் ஸ்விட்சை நோக்கிப் போயிற்று.

அப்போது வந்தது, நீளமாக, நிதானமாக ஒரு மூச்சு. சடசடப்பு நிற்கவில்லை. அடுத்த மூச்சு வந்தது, அதற்கடுத்ததும் வந்தது. அண்ணிக்குக் கண் நிறைந்துவிட்டது.

சூப்பர்வைசர் கையை எடுத்துக்கொண்டார். "சரியாப் போகுது. உங்களுக்குத் தொந்தரவா இருந்தா சத்தத்தைக் குறைச்சிடவா?"

"வேண்டாம் சார்," என்றார் கணவர். "அது என் தங்கச்சி மூச்சு. முடியறவரைக்கும் கேக்கணும்."