நீண்ட சுஜூது

நெற்றிக்குக் கீழே கம்பளத்தின் சிவப்புப் பூ, இவ்வளவு கிட்டத்தில் அது பூவாகத் தெரிவதில்லை, தண்ணீருக்குள் கண் திறந்தால் தெரியும் கலங்கலைப் போல வெறும் சிவப்பாக இருக்கிறது, தலையைத் தூக்கினால் என்ன ஆகும் என்று ஹஜ்ரத்துக்குத் தெரியும், அதனால்தான் தூக்காமல் சுஜூதிலேயே இருக்கிறார், பின்னால் நான்கு வரிசை மனிதர்களும் தரையில் நெற்றி வைத்துக் காத்திருக்கிறார்கள், இமாம் எழாமல் யார் எழுவது, ஆறு மாதமாக இப்படித்தான், படுத்து எழுந்தால், உட்கார்ந்து நின்றால் போதும், கண் இருட்டி, பள்ளிவாசல் தூண்களெல்லாம் ஒருபக்கம் சாய்ந்து, நெஞ்சு தறிகெட்டு அடித்துக்கொள்ளும், ராமநாதபுரத்து டாக்டர் படுக்கவைத்து ஒருமுறை, நிற்கவைத்து ஒருமுறை பிரஷர் பார்த்தார், தண்ணி குறைவாக் குடிச்சாலும் வரும், ரத்தம் குறைஞ்சாலும் வரும், சில மாத்திரையாலயும் வரும், உங்களுக்கு அதெல்லாம் இல்லை பெரியவரே, இத்தனை வருஷச் சர்க்கரை நரம்பைக் கெடுத்துடுச்சு, எழுந்திருக்கும்போது ரத்தத்தை மேல தள்ளணும்ல, அது இனி அந்த நரம்பால முடியாது என்றார், சரியாகுமா என்று கேட்டதற்கு, மெதுவா எழுந்திருங்க என்றார், அது பதில் இல்லை என்று மனைவி சாரா உம்மாளுக்கே புரிந்துவிட்டது, முத்தவல்லிகிட்ட சொல்லிடுங்களேன் என்றாள், பள்ளிவாசல் நிர்வாகம் அவர் கையில், சொன்னால் வேறு இமாம் வருவார், பள்ளிவாசலுக்குப் பின்னாலிருக்கும் வீடும் அவருக்குப் போகும், வீடு போனாலும் போகட்டும், முன்னால் நின்று ஓதுவதை விட்டால் தான் யார் என்றே ஹஜ்ரத்துக்குத் தெரியாது.

மெதுவாக எழப் பழகினார், சுஜூது நீண்டது, ஊர் அதை இறையச்சம் என்று எடுத்துக்கொண்டது, நம்ம ஹஜ்ரத் சுஜூதுக்குப் போனா உலகத்தையே மறந்துடுவாக என்று பாங்கு சொல்லும் மோதினார் கபூர் டீக்கடையில் அளந்துவிட, அடுத்த தெருக்காரர்களும் வரத் தொடங்கினார்கள், முத்தவல்லி கையைப் பிடித்துக்கொண்டு, இன்னைக்கு அழுதுட்டேன் ஹஜ்ரத் என்றார், இவருக்கும் அழுகைதான் வந்தது, காரணம்தான் வேறு, வாப்பா இருந்திருந்தால் கண்டுபிடித்திருப்பார், வாப்பா கீழக்கரைக் கடலில் சங்கு குளித்தவர், சின்னப் பையனாக இவர் வள்ளத்தில் உட்கார்ந்து வாப்பா இறங்கிய கயிற்றையே பார்த்துக்கொண்டிருப்பார், மேலே வந்ததும் வாப்பா வள்ளத்தின் விளிம்பைப் பிடித்தபடி தொங்குவார், நெஞ்சு துடிப்பது வெளியே தெரியும், மூச்சு திரும்பிய பிறகு, நீ இதுல இறங்கவே கூடாது மவனே, ஓதப் போ என்பார், ஓதப் போனார், ஆயுசு முழுக்க ஓதினார், இப்போது அதே கடலின் அடியில்தான் கிடக்கிறார், மேலே போனால் பிடித்துக்கொள்ள வள்ளம்தான் இல்லை.

பின்னால் யாரோ விசும்புகிறார்கள், இன்னொருவர் இருமுகிறார், பிறகு கபூரின் குரல், சுப்ஹானல்லாஹ், தொழுகையில் இமாம் எதையாவது மறந்துவிட்டால் நினைவூட்டச் சொல்வது, கபூருக்கு இவரிடம் அதைச் சொல்ல இதுவரை நேர்ந்ததே இல்லை, உள்ளங்கைகளை ஊன்றுகிறார், இன்றைக்குத் தலையைத் தூக்காமலே இருட்டு வந்துவிட்டது, இத்தனை பேரை எவ்வளவு நேரம்தான் தரையில் வைத்திருப்பது, பாவம், அல்லாஹு அக்பர் என்றார், குரல் மட்டும் எப்போதும்போல் கணீரென்று வந்தது, நான்கு வரிசையும் எழுந்து நின்றது, துணிகளின் சரசரப்பு அடங்கியது, முன்னால் அந்தச் சிவப்புப் பூவின்மேல் நெற்றியோடு அப்படியே கிடந்தவரை எல்லோரும் நின்றுகொண்டு பார்த்தார்கள்.