காதில் ஏறிய பூணூல்

கம்பெனி டாக்டரின் வராந்தா பெஞ்சில் ராஜாராமன் ஒருக்களித்து உட்கார்ந்திருந்தான். முந்தின இரவிலிருந்து ஒரு சொட்டு சிறுநீர் இறங்கவில்லை. அடிவயிறு கல்லாக இறுகியிருந்தது. துணைக்கு வந்த பெரிய குமாஸ்தா பட்டாபிராமன் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எல்லாம் அந்தப் பலகையால் வந்தது. போன மழைக்காலத்தில் ஹவுரா படித்துறையில் சணல் பொதி எண்ணப் படகுக்குப் போனவன், கரையிலிருந்து படகில் ஏறுகிற உளுத்த பலகை முறிந்து, படகின் விளிம்பில் இரண்டு காலும் இருபுறமாக விழுந்தான். இரண்டு நாள் ரத்தமாகப் போயிற்று. பலகை மாற்றுவது, கரையில் நின்று பார்த்த பட்டாபிராமன் பொறுப்பு. "விழுந்தேன்னு சொல்லிண்டு திரியாதேடா, நான் பாத்துக்கறேன்" என்றார். வேலை வாங்கிக் கொடுத்தவர் ஆயிற்றே என்று இவனும் வாயை மூடிக்கொண்டான். காயம் ஆறி உள்ளே தழும்பானது. நீர் போகும் வழி நாளுக்கு நாள் சுருங்கியது.

இருவரையும் உள்ளே கூப்பிட்டார்கள். வெள்ளைக்கார டாக்டர் வளைந்த வெள்ளிக் குழாயை எடுத்ததும் ராஜாராமன் நீர் கழிக்கப் போகிற பழக்கத்தில் பூணூலைக் காதில் சுற்றிக்கொண்டான். அது காதில் இருக்கும்வரை பேசக் கூடாது. சிறு வயதிலிருந்தே அப்படி. குழாய் நுழைந்தபோது உயிர் போய் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டான். நீர் சொட்டத் தொடங்கியது.

டாக்டர் தலையைத் தூக்காமலே கேட்டார், விழுந்து அடிபட்டதா அல்லது கெட்ட தெருவுக்குப் போய் வந்ததா என்று. ராஜாராமன் வாய் திறக்கவில்லை. கண்ணால் பட்டாபிராமனைக் கெஞ்சினான். அந்த மௌனம் எதனால் என்று அவருக்குத் தெரியாதா? அவர் காதிலும் தினம் ஏறுகிற பூணூல்தான். அவர் குடையின் பிடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

கை கால் அலம்பி, வாய் கொப்பளித்து ராஜாராமன் விஷயத்தைச் சொன்னபோது டாக்டர் கெட்ட தெரு என்றே எழுதி முடித்திருந்தார். எல்லோரும் பிறகு அப்படித்தான் சொல்வார்கள் என்று சிரித்தார். தழும்பை உள்ளே அறுத்தாக வேண்டும், இல்லாவிட்டால் மறுபடி அடைக்கும். ஆனால் நடத்தைக் கேட்டினால் வந்த நோய்க்குக் கம்பெனி லீவு தராது. அறுத்துக்கொண்டு படுத்தால் வேலை போகும்.

"மாமா, நீங்க பாத்தேளே. ஒரு வார்த்தை சொல்லப்படாதா?"

"எனக்கு ஒண்ணும் ஞாபகமில்லைடா."

வீட்டில் மனைவி சாவித்ரி, டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டாள். டாக்டர் எழுதியதை அவளிடம் எப்படிச் சொல்வது? இன்னும் மாற்றாமல் கயிற்றால் கட்டிக் கிடக்கும் முறிந்த பலகையாவது சாட்சி சொல்லும் என்று மறுநாள் காலை படித்துறைக்கு ஓடினான்.

வழியிலேயே அடிவயிறு மறுபடி இறுகியது. பொதிகளுக்குப் பின்னால் ஒதுங்கிப் பூணூலைக் காதில் மாட்டிக்கொண்டு நின்றான். அங்கிருந்து படித்துறை தெரிந்தது. பழைய பலகையைக் காணோம். அதன் இடத்தில் புதுப் பலகை, ஆணி கூட மங்காமல் இருந்தது. பட்டாபிராமன் அதைக் காலால் மிதித்துப் பார்த்துவிட்டு, எண்ண வந்த புதுப் பையனுக்குக் கை கொடுத்தார்.

"பாத்துப் போடாப்பா. வழுக்கும்."

ராஜாராமன் பேசாமல் நின்றான். நீர் இறங்கவில்லை.