எட்டு சென்டிமீட்டர்

கார் மோதியதும் ஸ்டியரிங்கிலிருந்து காற்றுப் பை விரிகிறதே, அது பாதி வேகத்தில் விரிய வேண்டுமா, முழு வேகத்தில் விரிய வேண்டுமா என்று முடிவு செய்ய ஒரு காருக்குக் கிடைக்கும் நேரம் கண் சிமிட்டும் நேரத்தைவிடக் குறைவு. அந்த முடிவுக்கான எண்களை எழுதித் தருவதுதான் பதினாறு வருஷமாக என் வேலை.

விஷயம் எளிமையானதுதான். பைக்குப் பின்னால் இரண்டு வெடிமருந்துக் குப்பிகள் இருக்கும். லேசாக இடித்தால் இரண்டும் சும்மா இருக்கும். ஓரளவு இடித்தால் ஒன்று மட்டும் வெடித்துப் பையை மெத்தென்று நிரப்பும். பலமாக இடித்தால் இரண்டும் சேர்ந்து வெடிக்கும். இதுவா அதுவா என்று சட்டென்று சொல்ல முடியாத இடிகளில்தான் சிக்கல். அப்போது சீட்டுக்கு அடியில் இருக்கும் கணினிப் பெட்டி இன்னொரு கேள்வி கேட்கும். ஓட்டுகிறவர் ஸ்டியரிங்கை ஒட்டி உட்கார்ந்திருக்கிறாரா, தள்ளி உட்கார்ந்திருக்கிறாரா? ஒட்டி உட்கார்ந்தவருக்கு இரண்டாவது குப்பி வெடிக்கக் கூடாது. வெடித்தால், காப்பாற்ற வந்த பையே முகத்தில் அறைந்துவிடும்.

கேள்விக்குப் பதில் சொல்வது, சீட் நகரும் தண்டவாளத்தில் பொருத்தியிருக்கும் ஒரு சின்ன சென்சார். தண்டவாளம் எந்தப் பல்லில் நிற்கிறது என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். மேலே யார் இருக்கிறார், எத்தனை உயரம் என்பதெல்லாம் அதற்குத் தெரியாது.

என் அக்கா நாலடி எட்டங்குலம். ஆஸ்பத்திரியில் குழந்தைகளுக்கு ரத்தம் எடுப்பவள். மற்றவர்கள் நாலு இடத்தில் குத்தித் தேடும் நரம்பை இவள் ஒரே குத்தில் பிடித்துவிடுவாள். 'வலிக்காத அக்கா வந்தாத்தான் கையைக் காட்டுவேன்' என்று அழுத பிள்ளைகள் உண்டு. காரில் சீட்டைக் கடைசிவரை முன்னால் தள்ளினால்தான் அவளுக்குக் கால் எட்டும்.

போன வருஷக் கடைசியில் ஒரு நாள் காரை என் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினாள்.

"டேய், பிரேக் போட்டா சீட்டும் என்கூடவே முன்னாடி வருதுடா. ஊஞ்சல்ல உட்கார்ந்து ஓட்டுற மாதிரி இருக்கு."

பார்த்தேன். தண்டவாளத்தின் கடைசிப் பல் தேய்ந்திருந்தது. புது உதிரிபாகம் வர மூன்று வாரம் ஆகும் என்றார்கள்.

"மூணு வாரம் பஸ்ல போறதா? உன் அத்தானுக்குக் கொண்டாட்டம். 'குட்டையா இருக்கிறவளுக்கு எதுக்குடி காரு'ன்னு ஏற்கெனவே சொல்லிட்டிருக்கார்."

அன்றே நான் காரை எங்கள் கம்பெனிப் பட்டறைக்கு ஓட்டிப் போனேன். அங்கே வெல்டிங் வேலை செய்பவர் ஆறடி உயரம். அதனாலேயே எல்லோரும் அவரைச் சின்னவர் என்று கூப்பிடுவோம். தண்டவாளத்துக்கும் சீட்டுக்கும் நடுவில் ஒரு தகடு வைத்து, சீட்டை எட்டு சென்டிமீட்டர் முன்னால் ஏற்றிவிடச் சொன்னேன். அப்படிச் செய்தால் தண்டவாளம் நடுவில், நல்ல பல்லில் நிற்கும். சீட் ஆடாது. அக்காவுக்குக் காலும் எட்டும். ரொம்பப் புத்திசாலித்தனமான யோசனை என்று எனக்கே என்மேல் ஒரு மெச்சுதல்.

சின்னவர் அடியில் படுத்துக்கொண்டே கேட்டார். "சார், இங்க ஒரு சென்சார் இருக்கே. அதையும் சீட்டோட சேர்த்து நகர்த்தணுமா?"

"அதுல மட்டும் கை வைக்காதீங்க. அது நம்ம பொழப்பு."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

ஆபீசில் என்றால் ஒரு நிமிஷத்தில் பிடித்திருப்பேன். யாராவது ஒரு சின்னப் பயிற்சி இன்ஜினியர் இந்தத் தவறைச் செய்திருந்தால் நிற்கவைத்துக் காய்ச்சியிருப்பேன். சொந்த அக்காவின் கார் என்றதும், அது ஒரு கார் என்பதே எனக்கு மறந்துவிட்டது. அக்கா உட்கார்ந்த இடம் ஓர் அங்குலம்கூட மாறவில்லை. அவள் தள்ளி உட்கார்ந்திருப்பதாக அன்றிலிருந்து அவள் கார்தான் நம்ப ஆரம்பித்தது.

புது உதிரிபாகம் வந்தபோது, சீட்தான் ஆடவில்லையே என்று நாங்கள் அதை மாற்றவில்லை. ஏழு மாதம் கழித்து, காலை ஒன்பது மணிக்கு, நின்றிருந்த லாரியின் பின்னால் அக்கா மோதினாள். மணிக்கு இருபத்தேழு கிலோமீட்டர் வேகம். அந்த இதுவா அதுவா இடி. இரண்டு குப்பியும் வெடித்தன. மணிக்கட்டு எலும்பு உடைந்தது. வலது கண்ணின் விழித்திரை கிழிந்தது. ஆபரேஷனுக்குப் பிறகும் அந்தக் கண்ணில் வெளிச்சமும் நிழலும்தான் தெரிகின்றன.

காரின் பெட்டி ஆய்வுக்கு எங்கள் ஆபீசுக்கு வந்தது. என் மேஜைக்கே வந்தது. 'அது என் அக்காவின் கார்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வேறு யாரிடமாவது கொடுத்திருப்பார்கள். நான் சொல்லவில்லை. பதிவைத் திரையில் ஓட்டினேன். சீட் நிலை என்ற வரிக்கு எதிரே 'நடுவில்' என்று இருந்தது. தகடு நினைவுக்கு வந்தது.

மேனேஜர் என் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார்.

"நம்ம பெட்டி சொன்னதைச் செஞ்சிருக்கு. அந்தம்மா முன்னாடி சாய்ஞ்சு ஓட்டியிருப்பாங்க. ஓட்டுநர் ஒட்டி உட்கார்ந்ததுதான் காரணம்னு எழுதி ஃபைலை மூடுங்க."

"ரெண்டு நாள் டைம் குடுங்க சார்."

"எதுக்கு, அழகா எழுதவா?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மத்தியானம் கேன்டீன் வாசலில் சின்னவர் காத்திருந்தார். "சார், அக்காவுக்கு அடிபட்டுருச்சாமே. நான் வெச்ச தகடால எதுவும்..."

"அதெல்லாம் ஒண்ணும் இல்லைங்க. நீங்க போய்ச் சாப்பிடுங்க."

மனிதர் முகம் தெளிந்து போனார். மேனேஜரிடம் மறைத்தது ஒன்று, இவரிடம் சொன்னது ஒன்று, இரண்டு பொய்களும் ஒரே நாளில்.

அதன் பிறகு தினமும் சாயங்காலம் அக்காவைப் பார்க்கப் போனேன். போகும்போது சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன். வரும்போது நாளைக்குச் சொல்லலாம் என்று நினைப்பேன். ஆபீசிலும் ஏதாவது சாக்குச் சொல்லி ஃபைலைத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தேன். அவளோ பார்க்க வந்த ஒவ்வொருவரிடமும் தன்மேலேயே குற்றம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"கார் புக்குலயே போட்டிருக்கு, ஸ்டியரிங்கை விட்டுத் தள்ளி உட்காருன்னு. நான்தான் குரங்கு மாதிரி தொத்திக்கிட்டு ஓட்டுனேன். என் தப்புதான்."

அத்தானும் ஆமாம் போட்டார். "எத்தனை தடவை சொன்னேன். காதுல வாங்கினாத்தானே."

அக்கா தலையாட்டிக்கொண்டாள். வாழ்க்கையில் முதல் தடவையாக அத்தானுக்குப் பதில் பேசாமல் இருந்தாள். நான் அங்கேயே உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அத்தான் வெளியே போயிருந்தார். அக்கா மேஜையில் ஓர் ஆரஞ்சுப் பழத்தை வைத்து, கட்டுப் போடாத கையில் ஊசி இல்லாத சிரிஞ்சைப் பிடித்து, பழத்தின் காம்பைத் தொட முயன்றுகொண்டிருந்தாள். சிரிஞ்ச் காம்புக்கு முன்னாலேயே நின்றது. அடுத்த தடவை காம்பைத் தாண்டிப் போனது.

"ஒத்தைக் கண்ணுல ஆழம் தெரியலடா" என்றாள். "நாளைக்கு வேலைய விட்டுடறேன்னு எழுதிக் குடுக்கப் போறேன். விபத்து எப்படி ஆச்சுன்னு ஆஸ்பத்திரியில கேட்டாங்க. என் கவனக்குறைவுன்னு அதையும் எழுதிட்டேன். நீ ஒரு தடவை படிச்சுப் பாரு."

காகிதத்தை என் பக்கம் தள்ளினாள். முதல் வரியைத் தாண்டி என்னால் படிக்க முடியவில்லை.

"அக்கா, உன் தப்பு இல்ல."

"ஆறுதல் சொல்லாதடா. எனக்குப் பழகிடுச்சு."

"ஆறுதல் இல்லக்கா. நான் வெச்ச தகடு."

சொன்னேன். குப்பிகளைப் பற்றி, சென்சாரைப் பற்றி, சின்னவர் கேட்ட கேள்வியைப் பற்றி, நான் சொன்ன பதிலைப் பற்றி, மேனேஜர் எழுதச் சொன்னதைப் பற்றி. அவள் ஆரஞ்சை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"தகடு வைக்காம அப்படியே ஆட்டிக்கிட்டு ஓட்டியிருந்தா?"

"ஒரு குப்பிதான் வெடிச்சிருக்கும். கொஞ்சம் வீங்கியிருக்கும். அவ்வளவுதான்."

"கண்ணு?"

நான் குனிந்துகொண்டேன்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"பெட்டி வந்த அன்னிக்கே."

"அது என்னிக்கு?"

"பதினோரு நாள் ஆச்சு."

அதுவரை அமைதியாக இருந்த முகம் அப்போதுதான் மாறியது.

"தகடு வெச்சது நல்லதுக்குத்தான். அது எனக்குப் புரியுது. இந்தப் பதினோரு நாளும் நான் எல்லார்கிட்டயும் என் தப்பு என் தப்புன்னு சொல்லிக்கிட்டு இருந்தேன். நீ பக்கத்துலயே உட்கார்ந்து கேட்டுக்கிட்டு இருந்தே."

"அக்கா..."

"கிளம்பு. நாளைக்கு வராதே. வியாழக்கிழமை வா. கண் டாக்டர்கிட்ட போகணும், அத்தானுக்கு லீவு கிடையாது."

மறுநாள் காலை முதலில் பட்டறைக்குப் போய்ச் சின்னவரிடம் உண்மையைச் சொன்னேன். "நான் கேட்டேனே சார்" என்றார். வெல்டிங் கண்ணாடியை முகத்தில் இறக்கிக்கொண்டார். பிறகு தகட்டைப் பற்றி எழுதிய அறிக்கையோடு மேனேஜர் அறைக்குப் போனேன். அவர் படித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, ஒரு வாரம் வீட்டில் இருக்கச் சொன்னார். ஒரு வாரத்துக்குப் பிறகு என்ன என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

வியாழக்கிழமை அக்கா வாசலில் தயாராக நின்றிருந்தாள். நான் முன்கதவைத் திறந்து பிடித்தேன். அவள் தானே பின்கதவைத் திறந்து உள்ளே ஏறிக்கொண்டாள்.

"முன்னாடி உட்காருக்கா."

"இங்கயே இருக்கேன்."

வண்டியைக் கிளப்பப் போனேன். அவள் பின்னாலிருந்து கேட்டாள்.

"ஆபீசுல எழுதிக் குடுத்துட்டியா?"

"குடுத்துட்டேன்."

"என் தப்புன்னு எழுதச் சொன்னாங்களே, அதை எழுதலையே?"

"எழுதலை. தகட்டைப் பத்தி எல்லாமே எழுதிட்டேன். என் பேரைப் போட்டிருக்கேன்."

"அந்தப் பதினோரு நாளு?"

"அதை எழுத அந்தப் படிவத்துல இடம் இல்லைக்கா."

கண்ணாடியில் பார்த்தேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள்.

"வண்டிய எடு" என்றாள். "டாக்டர் பத்து மணிக்கு மேல இருக்க மாட்டார்."