உபயம் டீச்சர்

சாயல்குடி கடைத்தெருவுக்குப் பின்புறம் உள்ள அந்தத் தனியார் தொடக்கப் பள்ளியில், இரண்டாம் வகுப்பு ஆசிரியை ஈஸ்வரி கரும்பலகையில் 'மரம்' என்று எழுதுவதற்காகத் தன் சக்கர நாற்காலியைத் திருப்பினாள். திருப்பியதுதான் தாமதம், வகுப்பு முழுவதும் ஒரே குரலில் படிக்கத் தொடங்கியது.

"உ... ப... யம்... உபயம்! நா... க... நா... தன்... நாகநாதன்!"

அவள் 'ம' கூட எழுதி முடித்திருக்கவில்லை.

"ஏய், போர்டப் பாத்துப் படிங்க."

"போர்ட நீங்க மறைக்கிறீக டீச்சர். இதுதான் தெரியிது."

பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகிய புதிது. பஸ், கடைப் பலகை, பிஸ்கட் உறை என்று எது கண்ணில் பட்டாலும் படிப்பார்கள். ஈஸ்வரியின் நாற்காலி முதுகில், கறுப்பு ரெக்சின் மேல், கோயில் மணியில் எழுதுவதைப் போலக் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது: 'உபயம்: உப்பளம் நாகநாதன், சாயல்குடி.'

பள்ளி திறந்த முதல் வாரத்திலேயே ஒரு தாய் வாசலில் நின்று கேட்டுவிட்டாள். "இங்கன உபயம் டீச்சருன்னு யாருங்க? எம் மகன் வீட்டுக்கு வந்தா அவுக பேச்சாத்தான் இருக்கு." அன்று ஒட்டிய பெயர் பிறகு உதிரவே இல்லை. ஆட்டோக்காரரும் அப்படியே கூப்பிட்டார். டீக்கடையில் கூட, "உபயம் டீச்சருக்குச் சீனி கம்மியா" என்று குரல் கொடுத்தார்கள்.

ஈஸ்வரி பத்து வயதில் மாட்டு வண்டியிலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்வை இழந்தவள். மிளகாய்க் காட்டில் கூலி வேலை பார்த்த தகப்பனார் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டுபோய்ப் படிக்க வைத்தார். பிறகு மாற்றுத்திறனாளிகளுக்கான இல்லம் ஒன்றில் தங்கி ஆசிரியர் பயிற்சி முடித்தாள். யாருடைய சிபாரிசும் இல்லாமல் நேர்காணலுக்குப் போய் வாங்கிய வேலை இது. சம்பளம் சிறியதுதான். ஆனால் வருகைப் பதிவேட்டில் 'ஈஸ்வரி' என்று கையெழுத்துப் போடும்போது அவளுக்கு ஒரு நிமிர்வு வரும். அந்தப் பெயரைத்தான் ஊரில் ஒருவரும் சொல்வதில்லை.

நாற்காலி கொடுத்த நாகநாதன் கெட்டவர் அல்லர். பெரிய உப்பள முதலாளி. சுற்றுவட்டாரத்தில் அவர் ஏறாத மேடை இல்லை. ஏறிய மேடையில் எல்லாம் பொன்னாடை போர்த்துவார்கள். பிறந்தநாள் என்றால் கேட்கவே வேண்டாம். பீரோக்கள் நிறைந்துபோய், மிச்சத்தை அவர் மனைவி ராக்கு மிளகாய் மூடைகளின் மேல் தூசி படியாமல் விரித்து வைத்திருந்தார். ஒருநாள் அந்த இல்லத்துக்கு விருந்தினராகப் போன நாகநாதன், ஒரு சிறுமி கையை ஊன்றி நகர்ந்து வந்து தமக்கு வணக்கம் சொன்னதைப் பார்த்தார். அன்றிரவு அவருக்குச் சோறு இறங்கவில்லை. "இனிமே எனக்குப் பொன்னாடையும் வேண்டாம், பரிசும் வேண்டாம். விழாவுக்கு வாரவுகளுக்கு நானும் பரிசுப் பை குடுக்கப்போறதில்ல. அம்புட்டும் இந்தப் பிள்ளைகளுக்கு" என்று அறிவித்தார். சொன்னபடியே செய்தார். அப்படி வந்த முதல் நாற்காலிகளில் ஒன்றுதான் ஈஸ்வரியினுடையது.

இந்த ஆண்டு அவருக்கு மணிவிழா. இல்லத்தின் இன்னும் பல பிள்ளைகளுக்கு நாற்காலி கொடுப்பதாக ஏற்பாடு. அந்த ஞாயிற்றுக்கிழமை ஈஸ்வரி இல்லத்துக்குப் போனபோது மாலதி அவளருகில் நகர்ந்து வந்தாள். முன்பு நாகநாதனுக்கு வணக்கம் சொன்ன அதே சிறுமிதான்; அவள் அளவுக்குச் சிறிய நாற்காலி முதல் தடவை கிடைக்காததால், அவளுக்கு இந்த முறைதான். அடுத்த கல்வியாண்டில் பெரிய பள்ளியில் ஆறாம் வகுப்பில் சேரப்போகிறாள்.

"அக்கா, என் நாற்காலிலயும் அப்புடி எழுதுவாகளா?"

"எழுதுவாக போல."

"அப்ப அங்கன என்னையும் உபயம்னுதான் கூப்பிடுவாகளா?"

ஈஸ்வரி நாற்காலியைத் திருப்பினாள். நேரே இல்லப் பொறுப்பாளர் இமானுவேலிடம் போனாள்.

"அண்ணே, அந்த எழுத்து வேணாம்னு அவுகள்ட்ட சொல்லுவமா?"

இமானுவேல் பதறிவிட்டார். "ஏம்மா, நீ வேற! எழுத்தெல்லாம் அவரு மச்சினன் சேதுபதி ஏற்பாடு. போன தடவ ஒரு நாற்காலியில எழுத்து அழிஞ்சிருச்சுன்னு எங்கிட்ட என்ன குதி குதிச்சாரு தெரியுமா? அவுக மனசு கோணிட்டா நாளைக்கு மாலதி மறுபடி கையை ஊனித்தான் நகரணும். எழுதிட்டுப் போறாக, விடு."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. பேசினால் நாற்காலி வராமல் போகலாம். பேசாவிட்டால் மாலதிக்கு நாற்காலி வரும், பெயர் போய்விடும். ஈஸ்வரி இரண்டையும் நினைத்தபடியே அந்த வாரத்தைக் கழித்தாள்.

மணிவிழா மண்டபத்தில் கூட்டம் நிறைந்திருந்தது. மேடையில் புது நாற்காலிகள் வரிசையாக நின்றன. சேதுபதி அவற்றின் முதுகுப்பக்கம் சபைக்குத் தெரியும்படி திருப்பி வைத்திருந்தார். இறைவணக்கம் பாட வந்தவர்கள் ஈஸ்வரியின் வகுப்புப் பிள்ளைகள். மேடைக்குப் படிகள் இருந்ததால் அவளும் பிள்ளைகளும் கீழேயே இருந்து பாடி முடித்தார்கள். நாகநாதனுக்குப் பாட்டு பிடித்துப்போனது. மைக்கை வாங்கிக்கொண்டு உற்சாகமாகக் கேட்டார்:

"பிரமாதமாப் பாடினீகளே! உங்களுக்குச் சொல்லிக் குடுத்த டீச்சர் பேரு என்ன?"

"உ...ப...யம் டீச்சர்!" மண்டபம் அதிரப் பிள்ளைகள் கத்தினார்கள்.

சபை கொல்லென்று சிரித்தது. நாகநாதனும் சிரித்தார். "அது என்னடா பேரு?"

முன்வரிசையில் நின்ற ஒரு பிள்ளை, ஈஸ்வரியின் நாற்காலி முதுகைத் தொட்டுக் காட்டியது. "இந்தா எழுதியிருக்குல்ல! எங்க டீச்சர் முழுப் பேரு உபயம் உப்பளம் நாகநாதன்."

சிரிப்பு இன்னும் பெரிதானது. நாகநாதனின் சிரிப்பு மட்டும் பாதியில் நின்றது. அவர் படியிறங்கி ஈஸ்வரியின் அருகில் வந்தார்.

"உன் பேரு என்னம்மா?"

மேடையோரத்தில் இமானுவேல் வேண்டாம் என்று தலையாட்டிக்கொண்டிருந்தார். அவருக்குப் பக்கத்தில் மாலதி இவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஈஸ்வரி அய்யா" என்றாள். "இந்த நாற்காலி இல்லாட்டி நான் இந்த வேலைக்கு வந்திருக்க முடியாது. வாத்தியாரா இருக்கிற எல்லா நாளும் உங்கள நெனைக்கிறேன். அது முதுகுல எழுதிப் போட்டு வார நன்றி இல்லய்யா, மனசுல இருக்கு. ஆனா நான் போர்டுல எழுதத் திரும்பும்போதெல்லாம் பிள்ளைக உங்க பேரப் படிக்குதுக. எம் பேரு யாருக்கும் தெரியல. இந்தா, மாலதி பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போகப்போறா. அவ பேரு மாலதின்னே இருக்கட்டும் அய்யா."

சேதுபதிதான் முதலில் வாய் திறந்தார்.

"நல்லா இருக்கே நாயம்! பேரு போடாமக் குடுத்தா, குடுத்தது யாருக்குத் தெரியும்?"

முன்வரிசையிலிருந்து ராக்கு எழுந்தார். "ஏலே சேதுபதி, குடுத்தது உன் மச்சானுக்குத் தெரியும். வாங்குன பிள்ளைக்குத் தெரியும். வேற எவனுக்குடா தெரியணும்?"

யாரோ கை தட்டினார்கள். நாகநாதன் மேடையில் நின்ற நாற்காலி வரிசையைத் திரும்பிப் பார்த்தார். எல்லா முதுகிலும் அவர் பெயர். மைக்கை மெல்ல வாயருகே கொண்டுவந்தார்.

"பொன்னாடை வேண்டாம்னு ஊருக்கெல்லாம் சொன்னேன். பெருமையாத்தான் சொன்னேன். பாத்தா, எனக்குப் போட வேண்டிய பொன்னாடைய இந்தப் பிள்ளைக முதுகுல போத்தி, அதுகளச் சுமக்க விட்டிருக்கேன். சபையில சொல்றேன், கேட்டுக்கோங்க. ஒருத்தருக்குக் கால் குடுக்கிறேன்னு அவுக பேரப் பறிக்கக் கூடாது. குடுக்கிறவன் தன் பேர வீட்டுலயே விட்டுட்டு வரணும்."

பிறகு, "பெயிண்டர் அய்யப்பன் எங்கய்யா? பெயிண்ட அழிக்கிற தின்னர் எடுத்துட்டு வா" என்றார்.

அய்யப்பன் சாப்பாட்டுப் பந்தியிலிருந்து பாதி இலையில் எழுந்து ஓடினார். தின்னர் வந்தது. நாகநாதன் மணிவிழாப் பட்டு வேட்டியோடு ஈஸ்வரியின் நாற்காலிக்குப் பின்னால் குத்துக்காலிட்டு, தம் கையாலேயே துணியை நனைத்துத் தேய்த்தார். வெள்ளைப் பெயிண்ட் இளகி வேட்டியில் வழிந்தது. "ஏங்க, வேட்டி!" என்று ராக்கு பதறினார். "கெடக்கு விடு" என்றார். மேடையிலிருந்த நாற்காலிகளைச் சேதுபதியும் அய்யப்பனும் துடைத்தார்கள். முணுமுணுத்துக்கொண்டேதான் என்றாலும், சேதுபதியும் ஒழுங்காகத் துடைத்தார்.

மேடையிலிருந்து இறக்கி வைத்த தன் நாற்காலியில் மாலதி ஏறி உட்கார்ந்து, தானே சக்கரத்தை உருட்டிக்கொண்டு மண்டபத்தின் நடுப்பாதையில் போனாள். பின்னால் உட்கார்ந்திருந்த யாரோ, "அந்தப் பிள்ளை பேரு என்ன?" என்று பக்கத்திலிருந்தவரைக் கேட்டார்கள். அது அவள் காதில் விழுந்தது. திரும்பி, "மாலதி!" என்று உரக்கச் சொல்லிவிட்டுப் போனாள்.

திங்கட்கிழமை காலை ஈஸ்வரி கரும்பலகைப் பக்கம் நாற்காலியைத் திருப்பினாள். வகுப்பில் சத்தமே இல்லை. பிறகு ஒரு குரல் வந்தது.

"டீச்சர், எழுத்தக் காணோம்!"

"அழிச்சாச்சு."

"அப்ப நாங்க எதப் படிக்க?"

ஈஸ்வரி சிரித்துக்கொண்டே சுண்ணக்கட்டியை எடுத்தாள். கை எட்டும் உயரத்தில், முடிந்தவரை பெரிதாக, எல்லாருக்கும் தெரியும்படி எழுதிவிட்டு நாற்காலியை ஓரமாக நகர்த்தினாள்.

'ஸ்' கொஞ்சம் சிரமப்படுத்தியது. இரண்டு தடவை தடுக்கினார்கள். மூன்றாவது தடவை வகுப்பு முழுவதும் சேர்ந்து சரியாகப் படித்தது.

"ஈ... ஸ்... வ... ரி... ஈஸ்வரி டீச்சர்!"