இரண்டால் வகுத்தவள்

ஷானெட்டாவுக்கு மூன்று வருடமாக ஒரு பழக்கம். எந்தத் தொகை கண்ணில் பட்டாலும் வாய்க்குள் முணுமுணுத்து இரண்டால் வகுத்துவிடுவாள். வீட்டில் இரண்டே பேர், அவளும் எட்டு வயது மகள் கிங்காவும். தலைக்கு எண்ணூறு ஸ்லோட்டிக்கு மேல் வருமானம் இருந்தால், ஒற்றைப் பிள்ளைக்காரிக்கு அரசாங்கம் தரும் மாதம் ஐந்நூறு கிடையாது. ஒரே ஒரு ஸ்லோட்டி கூடினாலும் மொத்தமும் போச்சு. பிள்ளை பெற்றவளை வீட்டோடு உட்காரவைக்க இதைவிட நல்ல வழி யாருக்கும் தோன்றியிருக்காது.

ஸாம்ப்ரூஃப் ஊர் பேக்கரியில் அவள் முழுநேரம் வேலை பார்க்காததற்கு அதுதான் காரணம். முழுச் சம்பளத்தை வகுத்தால் எண்ணூற்றுப் பதினேழு வந்தது. அந்தப் பதினேழுக்குப் பயந்து தினமும் ஒரு மணி நேரம் முன்னதாகவே ஏப்ரனைக் கழற்றுவாள். ஈஸ்டருக்கு முதலாளியம்மா இர்மினா ஆசையாகப் போனஸ் நீட்டியபோது, "ஐயோ மேடம், சம்பளத்துல ஏத்திடாதீங்க!" என்று அலறி, பதிலுக்கு ஒரு பெட்டி முட்டையை வாங்கிக்கொண்டு போனாள். ஜனவரியில் மேற்பார்வையாளர் வேலை வந்தது. சம்பளம் ஆயிரத்துத் தொள்ளாயிரம். உதவித்தொகையை இழந்தால், இப்போது சம்பளமும் உதவியும் சேர்ந்து வருவதைவிட முப்பது குறைவு. வேண்டாம் என்று சொல்லிவிட்டு, வீட்டுக்குப் போய்க் குளியலறைக் குழாயைத் திறந்துவைத்து அழுதாள். மாவு பதம் பார்ப்பதில் தன்னை மிஞ்ச அந்தப் பேக்கரியில் ஆள் இல்லை என்பது அவளுக்குத் தெரியும்.

ஜூலை முதல் தேதியிலிருந்து அந்த ஐந்நூறுக்கு வருமான வரம்பே கிடையாது என்று தொலைக்காட்சியில் சொன்னார்கள்.

"தேர்தல் வருஷம். வாயாலயே வடை சுடுவானுங்க" என்றாள் ஷானெட்டா.

அப்படிச் சொன்னவள்தான் முதல் தேதி காலை இடைவேளையில், மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு, போனில் வங்கி வழியாகப் புது வருட உதவித்தொகைக்கான விண்ணப்பத்தைத் திறந்தாள். தன் பெயர், கிங்காவின் பெயர், கணக்கு எண். அடுத்தது 'அனுப்பு'. அவளுக்குத் திக்கென்றது. பின்னால் போய் முதலிலிருந்து பார்த்தாள்.

"லூத்ஸினா, இங்க வா. வருமானம் கேக்குற பக்கத்தக் காணோம்."

பக்கத்து மேசையில் பன்னுக்கு ஜாம் அடைத்துக்கொண்டிருந்த லூத்ஸினா எட்டிப் பார்த்தாள். "தொலஞ்சுது சனியன்னு விடுவியா, தேடிட்டிருக்கே! அமுக்குடி."

அமுக்கினாள். நெஞ்சிலிருந்து ஒரு பெரிய பாரம் இறங்கியது. இறங்கிய வேகத்திலேயே வேறொரு பயம் ஏறியது. அந்த மேற்பார்வையாளர் வேலை இன்னும் இருக்கிறதா?

ஓடினாள். இர்மினாவின் அறை வாசலில் ஏற்கெனவே மூன்று பேர் ஏப்ரனோடு நின்றிருந்தார்கள். மூவரும் ஒற்றைப் பிள்ளைக்காரிகள்.

"நேரத்தக் குறைங்க, குறைங்கன்னு மூணு வருஷமா உயிர வாங்குனீங்க" என்று உள்ளிருந்து இர்மினா கத்தினாள். "இப்ப கூட்டுங்கன்னு வரிசை கட்டி நிக்கிறீங்களா? எல்லாருக்கும் முழுநேரந்தான், போங்கடி, அடுப்புல ரொட்டி கருகுது! ஷானெட்டா, நீ மட்டும் உள்ள வா."

ஷானெட்டா உள்ளே போனதுமே கேட்டாள். "மேடம், அந்த மேற்பார்வையாளர் வேலைக்கு ஆள் போட்டுட்டீங்களா?"

"ஜனவரிலயே போட்டாச்சே."

அவள் முகம் செத்துப்போனது. இர்மினா மேசை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து அவள் முன்னால் தள்ளினாள். ஜனவரித் தேதி. கீழே ஷானெட்டாவின் பெயர்.

"ஆள் போட்டேன், ஆளுதான் வரல. ஆறு மாசமா உன் வேலையையும் சேத்துப் பாத்து என் இடுப்பு விட்டுப்போச்சு. தேதிய அடிச்சு மாத்து. சம்பளத்தப் படிச்சுட்டுக் கையெழுத்துப் போடு."

ஷானெட்டா படித்தாள். வாய் தானாக முணுமுணுத்தது.

"ஆரம்பிச்சுட்டியா? வகுத்தாச்சா?" என்றாள் இர்மினா.

"இல்ல மேடம்" என்று சிரித்தாள் ஷானெட்டா. கண்ணில் நீர் முட்டியது. "கூட்டிட்டு இருக்கேன்."