யாரும் வாங்காத காசு

ஹபீபுன்னிசா ஒன்றைப் பிடித்தால் உடும்புப்பிடிதான். அறுபத்து மூன்றாம் வருஷம் மகன் சாந்த் பாஷா கப்பலேறப் போகிறான், அவன் கையில் எந்தக் காசைக் கட்டுவது என்று செஞ்சியில் சொந்தக்காரர்கள் ஆளுக்கொன்று சொல்லிக்கொண்டிருந்தபோதே, பெட்டியைத் திறந்து புருஷன் சர்தாருடைய காசை எடுத்துவிட்டாள்.

பயணம் போகிறவர் வலது புஜத்தில் பச்சைத் துணியில் காசு முடிந்து கட்டுவது அவர்கள் வழக்கம். போன இடத்தில் நல்லபடியாக இறங்கியதும் அதை அவிழ்த்து ஒரு ஏழைக்குக் கொடுத்துவிட வேண்டும். அதுவரை பயணம் முடிந்ததாக ஆகாது.

அந்தக் காசு வந்த வழியே நல்ல வழியில்லை. மகன் கரும்பாலை வேலைக்குப் போகிற அதே தீவுக்கு, அதே வேலைக்குப் போய்க் காய்ச்சலில் செத்தவர் சர்தார். அவருடைய இரண்டு சட்டைகளோடு இந்தக் காசும் தபாலில் வந்தது. வெள்ளைக்காரன் இன்னும் விடாமல் ஆள்கிற தீவு. அங்கே முதன்முதலாகச் சர்க்கார் காசு அடித்து நூறு வருஷமானதற்கு ஞாபகமாக இதை அடித்து, ஆலையில் ஆளுக்கொன்று கொடுத்தார்களாம். ஒரு பக்கம் கரும்பு, மறுபக்கம் அந்தப் பழைய காசின் படம். வெள்ளி மாதிரி மின்னும், வெள்ளியில்லை.

பஸ் ஸ்டாண்டில் சைக்கிள் கடை வைத்திருந்த கொழுந்தன் ஜகபர் அலி, நம்ம ஒரு ரூபாயே போதும் அண்ணி என்றார். அவளா கேட்பாள்! அந்த ஊர் ஏழைக்கு அந்த ஊர்க் காசுதானே உதவும் என்று அவர் வாயை அடைத்தாள். தன் புத்தியை நினைத்து அன்று அவளுக்கே பெருமையாக இருந்தது.

ஒன்றரை மாசத்தில் கடிதம் வந்தது. ஜகபர் அலி படித்தார். துறைமுகத்தில் மூன்று பிச்சைக்காரர்களிடம் நீட்டினானாம். இது பார்த்து வைத்துக்கொள்ளத்தான், கடையில் யாரும் வாங்க மாட்டார்கள் என்று சிரித்துத் திருப்பிவிட்டார்களாம். இதை எடுத்து வைத்துவிட்டு வேறு காசு கொடுக்கட்டுமா என்று கேட்டிருந்தான்.

அவள் ஒப்பவில்லை. கட்டினது ஒன்று, கொடுத்தது ஒன்று என்றால் பிள்ளைக்கு என்ன காவல்? அப்பனை முழுங்கின ஊராயிற்றே அது.

"எழுது தம்பி," என்றாள். "அதையே யாராவது வாங்கற வரைக்கும் கையிலயே இருக்கணும். குளிக்கறப்பகூட அவுக்கக் கூடாது. அம்மா மேல ஆணைன்னு எழுது."

ஜகபர் அலி பேனாவை எடுத்தார். சொன்னபடியே எழுதினார்.

எட்டு மாசம் கழித்துத் திண்டிவனம் பஸ்ஸிலிருந்து சாந்த் பாஷா இறங்கினான். ஓடிப்போய்க் கட்டிக்கொண்ட ஹபீபுன்னிசாவின் கைக்கு, வலதுபக்கம் வெறும் சட்டைதான் அகப்பட்டது.

மெஷின் பக்கத்தில் இதெல்லாம் கூடாது, கழற்றிவிடு என்று மேஸ்திரி இரண்டு தரம் சொன்னாராம். அம்மா ஆணை என்று இவன் மறுத்திருக்கிறான். முடிச்சின் தொங்கல் கரும்பு பிழியும் சக்கரத்தில் மாட்டிக் கையையே இழுத்துக்கொண்டு போய்விட்டது.

இடதுகையால் பையைத் துழாவி அந்தக் காசை எடுத்தான்.

"நான் அவுக்கலம்மா. ஆஸ்பத்திரியிலதான் அவுத்தாங்க."

கோபமாகச் சொல்லியிருந்தாலாவது அவள் தாங்கியிருப்பாள். சொன்னபடி நடந்துகொண்ட பிள்ளையாகத்தான் சொன்னான். நீட்டின கை நீட்டினபடியே இருந்தது. கடல் தாண்டிப் போயும் ஒருவரும் வாங்காத காசை அவள்தான் வாங்கிக்கொண்டாள்.