பதினான்கு மழை கண்ட மரம்

ஊர் அதிகாரியான சீஃபின் அலுவலகச் சுவரில் ஒட்டியிருந்த மரம் வளர்ப்புத் திட்டப் பட்டியலில் முதல் பெயர் முன்யித்யாவுடையது. தன் நிலத்தின் கடைசி மரத்தை வேரோடு தோண்டிக் கரியாக்கி லாரியில் ஏற்றிய அதே முன்யித்யா. 'முற்றிலும் சீரழிந்த நிலம். தகுதி உண்டு' என்று அவன் பெயருக்கு நேரே எழுதியிருந்தது. மரம் வளர்க்க அவனுக்கு இலவசக் கன்று, பத்தாயிரம் லிட்டர் தண்ணீர்த் தொட்டி. சியோம்புவாவின் பெயர் கடைசியில் இருந்தது. 'முன்பே மரம் இருந்த நிலம். தகுதி இல்லை.'

அவள் இரண்டு முறை படித்தாள். மூன்றாம் முறை படிக்கக் கண் ஒத்துழைக்கவில்லை. கோபத்தில் எழுத்து ஆடியது.

அந்த நிலத்தில் முன்பு இருந்தது அரிப்புப் பள்ளமும் ஓணானும்தான். கடப்பாரையை ஓங்கிப் போட்டால் திரும்பி வரும் தரை. அதில் பிறை பிறையாகக் குழி வெட்டினாள். ஆட்டுப்பட்டியில் ஆடுகள் தின்று துப்பிய முகாவ் கொட்டைகளைப் பொறுக்கினாள். முகாவ் நம் மலைவேம்புக்குப் பங்காளி. கொட்டை இரும்பு மாதிரி. கத்தியால் ஒவ்வொன்றாக உடைத்து, உள்விதையின் தோலைக் கீறி ஊன்றினால் நூற்றுக்கு நாற்பது முளைக்கும். வற்றிய ஆற்று மணலில் ஆளுயரம் தோண்டித் தண்ணீர் எடுத்து, நெற்றியில் வார் மாட்டி முதுகில் கேன் சுமந்து ஊற்றினாள். பலகைக்குத் தண்டு நேராக வரவேண்டும் என்று வாரம் தவறாமல் பக்கத் துளிர்களை விரலால் கிள்ளி எறிந்தாள். இப்போது முந்நூறு மரம் நிற்கிறது. இன்னும் இரண்டு ஏக்கர் பள்ளமாகவே கிடக்கிறது. தொட்டி வந்தால் தகரக் கூரையில் விழும் மழையைப் பிடித்து அதையும் நட்டுவிடலாம். தொட்டி இல்லையென்றால் மறுபடியும் ஆற்று மணல். போன வருடமே அவள் இடுப்பு விட்டுப்போயிற்று.

முன்யித்யாவின் நிலத்தில் எண்பலகை அடிக்கத் திட்டத்தின் கள அலுவலன் செருயோட் வந்திருந்தான். சியோம்புவா நேராக அங்கே போனாள்.

"சார், நான் ஏன் கடைசியில கெடக்கேன்?"

"உங்க நிலம் சேராதும்மா. மரத்துக்குப் பதினாலு வயசு. பத்து வருசத்துக்கு முன்னாடியே மரம் நின்னா அது தரிசு இல்ல. கார்பன் வாங்குற வெளிநாட்டுக்காரங்க போட்ட விதி."

"பதினாலு வயசுன்னு எவன் சொன்னான்?"

"நீங்கதான். போன மாசம். போன்ல ஏத்தியாச்சு."

"நான் பதினாலு மழைன்னு சொன்னேன்."

"அதேதான்."

"எது அதேதான்? ஏப்ரல்ல ஒரு மழை, நவம்பர்ல ஒரு மழை. பதினாலு மழைன்னா ஏழு வருசம். ஆட்டுக்கும் மரத்துக்கும் இங்க அப்படித்தான்யா வயசு சொல்றது!"

முன்யித்யா பல்லைக் காட்டினான். "சாருக்கு எப்படித் தெரியும், சியோம்புவா? அவரு தேயிலை மலைக்காரரு. அங்க தெனம் மழை. இவர் சொல்ற கணக்குப்படி அவங்க ஊர்க் கொழந்தைக்கெல்லாம் ஆயிரம் வயசு."

செருயோட்டின் முகம் கறுத்தது. "வெட்டிப் பாத்தா தெரியும். ஒரு வளையம், ஒரு வருசம். ஏழு இருந்தா திருத்தி எழுதுறேன்." அவள் வெட்டமாட்டாள் என்ற தைரியம் அவனுக்கு.

"உன் ரம்பத்தைக் குடு" என்று முன்யித்யாவிடம் கை நீட்டினாள்.

மூவரும் அவள் நிலத்துக்குப் போனார்கள். மெலிந்த மரமாகப் பார்த்து அறுத்திருக்கலாம். அது பிறகு நட்டது என்று செருயோட் சொல்லிவிடுவான். அதனால் முதல் வரிசையில் முதலில் நட்ட மரம். இருப்பதிலேயே நேரானது, இன்னும் நாலைந்து வருடம் நின்றிருந்தால் ஒரு வீட்டுக்குக் கதவு. அறுக்கும்போது அவள் மேலே பார்க்கவில்லை. மரம் சாய்ந்ததும் வெட்டுவாயில் தண்ணீர் ஊற்றி, மணலால் தேய்த்துத் துடைத்தாள். செருயோட் குனிந்து பேனா முனையால் எண்ணினான். முன்யித்யாவும் எண்ணினான்.

பதினான்கு.

"பாருங்கம்மா. மரமே சொல்லுது."

முன்யித்யாவுக்கு இப்போது சிரிப்பு வரவில்லை. சியோம்புவா அறுத்த இடத்தைக் கையால் தடவினாள்.

"மழை வந்தா குடிக்கும். வெயில் வந்தா இலைய உதுத்துட்டுத் தூங்கும். வருசத்துக்கு ரெண்டு வாட்டி. தூங்கி எழுந்தா ஒரு கோடு. உனக்கு இது புரியலையா, புரிய வேண்டாமா?"

"காலேஜ்ல அப்படிச் சொல்லித் தரலையே."

"இவன் ஒரு மரம் விடாம எரிச்சான், இவனுக்குத் தொட்டி. நான் நட்டேன், எனக்குத் தகுதி இல்ல. அதுக்கு ஒரு மரத்தையும் அறுக்க வச்சிட்டே."

ரம்பத்தைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள். இருவரும் பின்னால் ஓடினார்கள்.

சீஃப் அலுவலக வாசலில், முள்கம்பி வேலிக்குள் ஒரு முகாவ் மரம் நின்றது. திட்டம் தொடங்கிய அன்று கார்பன் வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனியின் பெரியவர் விமானத்தில் வந்து, வெள்ளைக் கையுறை மாட்டி நட்டது. அதற்குத் தினமும் தண்ணீர் ஊற்ற ஓர் ஆள் உண்டா என்றால் இல்லை. மழை பெய்தால்தான் உண்டு. இரும்புப் பலகையில் தேதி இருந்தது. சரியாக ஐந்து வருடம்.

சியோம்புவா கம்பியை மிதித்து உள்ளே இறங்கி ரம்பத்தை வைத்தாள்.

சீஃப் தேநீர்க் குவளையோடு ஓடி வந்தார். "ஏய், பைத்தியமா உனக்கு? அது பெரியவர் கையால நட்டது!"

"என் மரம் என்ன காலால நட்டதா?"

"அம்மா, வேண்டாம்! அது எங்க மரம்!" என்று செருயோட் கத்தினான்.

"அப்போ உங்க மரத்தையே கேப்போம்."

தொடை கனத் தண்டுதான். சீக்கிரமே விழுந்தது, பலகையின் மேலேயே. சீஃபின் குவளையை வாங்கி மீதித் தேநீரை வெட்டுவாயில் ஊற்றி, மண் போட்டுத் தேய்த்தாள்.

"எண்ணு."

செருயோட் அசையவில்லை. முன்யித்யா குந்தி உட்கார்ந்து, கரி ஏறிய விரலால் ஊருக்கே கேட்கும்படி எண்ணினான். பத்து.

சீஃப் அதைக் காதில் வாங்கவில்லை. "அரசாங்க எடத்துல மரம் வெட்டினே. கேஸ் போடுறேன்." உள்ளே போய்ப் பதிவேட்டை எடுத்து வந்தார்.

"போடுங்க. மரத்தோட வயசையும் எழுதணும்ல? எவ்வளவுன்னு எழுதுவீங்க?"

சீஃப் விழுந்து கிடந்த பலகையைத் திருப்பிப் பார்த்தார். அடிக்கட்டையைப் பார்த்தார். பேனா காகிதத்தில் இறங்கவில்லை. பிறகு செருயோட்டின் பக்கம் திரும்பினார். "நீதானே படிச்சவன். அஞ்சா, பத்தா? பத்துன்னு எழுதினா போர்டு பொய்யான்னு பெரியவர் என்னைக் கேப்பாரு."

செருயோட் நெற்றியைத் துடைத்தான். "அஞ்சு."

சியோம்புவா அடிக்கட்டையின் மேல் உட்கார்ந்து ரம்பத்தை மடியில் குறுக்கே வைத்தாள்.

"அப்போ என்னுது?"

அவன் வாய்க்குள் ஏதோ சொன்னான்.

"சத்தமாச் சொல்லு. எழுதுறவருக்குக் கேக்கணும்."

"ஏழு."

"எழுதுங்க சீஃப்" என்றாள். "முதல்ல அத எழுதுங்க. அபராதத்தை அதுக்குக் கீழ எழுதிக்குங்க."